விண்ணப்பம் வாங்குவதிலிருந்து எஸ்.ஆர். (பணிப் பதிவேடு) ஒப்படைப்பது வரை: அரசு அலுவலகத்தில் பிறருடைய சொந்த விவரங்களைக் கையாளும் முறை

ஒன்றிய அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், நகராட்சி போன்ற இடங்களில் பணியமைப்புப் பிரிவு சீட்டுக்கு, அதாவது நியமனம், சம்பளம், பணிப் பதிவேடு பார்க்கும் இருக்கைக்கு, புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். சத்துணவுப் பணியாளர், கிராம உதவியாளர், அலுவலக உதவியாளர், ஓட்டுநர் போன்ற நியமனங்கள் பெரும்பாலும் மாவட்ட, வட்ட, ஒன்றிய அளவிலேயே முடிந்துவிடும். சில இடங்களுக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும். ஒவ்வொரு உறையிலும் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கைபேசி எண், சிலவற்றில் கணவரின் இறப்புச் சான்று வரை இருக்கும். அத்தனையும் வந்து சேருவது ஓர் இளநிலை உதவியாளரின் மேசைக்கு.

இந்தச் சீட்டில் இருந்தவன், பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் நான் பார்த்தது இதுதான்: புதியவர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. வரிசையைத்தான் மாற்றிச் செய்கிறார்கள். கிடைத்ததையெல்லாம் வாங்கி, எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றி, கடைசியில் எதை மறைப்பது என்று யோசிக்கிறார்கள். அதை முதலிலேயே யோசித்தால் பாதி வேலை குறையும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பூட்டு வேலை செய்கிற ஒரு பீரோ. கணினியில் உங்களுக்கென்று தனி லாகின். தன்பதிவேடு (நம் சீட்டுக்கு வரும் தபால்களை எழுதும் பதிவேடு) போக, கட்டு யார் கைக்குப் போய் எப்போது திரும்பியது என்று எழுத ஒரு நோட்டு. கண்காணிப்பாளரிடமோ அலுவலரிடமோ கேட்டு, இந்த நியமனக் கோப்பை யார் யார் பார்க்கலாம் என்று குறிப்பில் ஒரு வரி.

சட்டங்களில் இரண்டைத் தெரிந்திருந்தால் போதும். ஒன்று தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005. மற்றது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. பின்னதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அலுவலகங்கள் மீதான பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். காகிதத்தில் வாங்கினாலும், ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிய நிமிடமே அது இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். விண்ணப்பதாரர் தானாகக் கொடுத்த விவரத்தை, எதற்காகக் கொடுத்தாரோ அதற்கு மட்டும் பயன்படுத்தலாம். பணியாளரின் விவரத்தை வேலை சார்ந்த தேவைக்குப் பயன்படுத்தலாம். இந்த இரண்டு வரி மனதில் நின்றால் கீழே உள்ள படிகளின் காரணம் தானாகப் புரியும்.

1. அறிவிப்பு வெளியிடும் முன் ஒரு தாள் எழுதுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் நான்கு பத்தி (column) போடுங்கள். என்ன விவரம், எந்தக் கட்டத்தில் தேவை, யார் பார்ப்பார், எப்போது கழியும்.

பிறந்த தேதி விண்ணப்ப நிலையிலேயே வேண்டும், வயது வரம்பு பார்க்க. வகுப்புப் பிரிவு விண்ணப்ப நிலையில் வேண்டும், இனச்சுழற்சிக்காக, அதாவது இட ஒதுக்கீட்டின்படி எந்த இடம் எந்த வகுப்புக்கு என்று சுழற்சியில் பொருத்துவதற்காக. வங்கிக் கணக்கு எண் எப்போது வேண்டும்? வேலைக்குச் சேர்ந்த பிறகு. உடற்தகுதிச் சான்று எப்போது? தேர்வான பிறகு. ஆனால் பழைய விண்ணப்பப் படிவங்களை எடுத்துப் பாருங்கள், எல்லாமே முதல் பக்கத்தில் கிடக்கும்.

இந்தத் தாளை நிரப்பும்போது "எப்போதும் வாங்குவதுதான்" என்பதைத் தவிர வேறு காரணம் எழுத முடியாத வரிகள் சில வரும். அவற்றை அடித்துவிடுங்கள். அலுவலர் கேட்டால் தாளைக் காட்டலாம். கோப்பின் முதல் பக்கமாகவே இதை வைத்துவிடுவது நல்லது, அடுத்து வருபவருக்கும் உதவும்.

2. படிவத்தைச் சுருக்குங்கள்

அரசாணையிலோ துறைத் தலைவரின் சுற்றறிக்கையிலோ படிவம் நிர்ணயித்து வந்திருந்தால் அதை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் இணைப்புகளின் பட்டியலை நாம்தான் பெரும்பாலும் எழுதுகிறோம். அங்கேதான் தேவையில்லாதது நுழைகிறது.

ஆதார் நகலை எடுத்துக்கொள்வோம். அடையாளத்துக்கு வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் எதுவும் போதும். பிறந்த தேதிக்கு ஆதாரை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோதான் வேண்டும். அப்படியும் ஆதார் கேட்டே ஆக வேண்டும் என்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்றுக்கொள்கிறோம் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் யாரும் அப்படிக் கொண்டுவர மாட்டார்கள். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து நேராக வருபவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அடுத்தது சாதி. படிவத்தில் "சாதி" என்று ஒரு கட்டமும் "வகுப்பு" என்று ஒரு கட்டமும் இருக்கும். 200 புள்ளி இனச்சுழற்சிக்கு வேண்டியது வகுப்புப் பிரிவு: பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட இஸ்லாமியர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் அல்லது சீர்மரபினர், ஆதிதிராவிடர், ஆதிதிராவிடர் அருந்ததியர், பழங்குடியினர், பொது. சாதியின் பெயர் சான்றிதழில் இருக்கிறது, சரிபார்ப்பவர் அதில் பார்த்துக்கொள்வார். படிவத்தில் தனியாக எழுத வைத்தால் அது அப்படியே எக்செல்லுக்குப் போகும், எக்செல்லிலிருந்து பட்டியலுக்குப் போகும்.

மதம், திருமண நிலை, குழந்தைகளின் எண்ணிக்கை ஆகியவையும் இப்படித்தான். ஆதரவற்ற விதவை முன்னுரிமை கோருபவர் மட்டும் அதற்கான சான்றை இணைத்தால் போதும். எல்லாப் பெண்களிடமும் திருமண நிலையைக் கேட்க வேண்டியதில்லை.

படிவத்தின் அடியில் மூன்று வரி சேருங்கள்: இந்த விவரங்கள் எதற்குப் பயன்படும், எவ்வளவு காலம் வைத்திருப்போம், திருத்தம் வேண்டுமானால் யாரை அணுக வேண்டும். எளிய தமிழில் இருக்கட்டும். விண்ணப்பிப்பவர் எட்டாம் வகுப்பு படித்தவராக இருக்கலாம்.

3. வரவு வைத்தல்

நேரில் கொடுப்பவர்களுக்கு ஒப்புகைச் சீட்டு கொடுக்கிறோம். அதில் விண்ணப்ப எண்ணும் தேதியும் போதும். இந்த எண்தான் கடைசி வரை அந்த நபரின் அடையாளம். வந்த அன்றே எண் போடாமல் பெயரை வைத்தே கட்டு கட்டினால், பின்னால் ஒவ்வொரு பட்டியலிலும் பெயரும் தகப்பனார் பெயரும் ஊரும் எழுத வேண்டி வரும்.

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, வருகிறவர்களை ஒரு நீள நோட்டில் பெயர், முகவரி, கைபேசி எண் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வது. வரிசையில் நிற்கும் அடுத்தவர் முன்னால் வந்த எல்லாருடைய எண்ணையும் படம் பிடித்துக்கொள்ளலாம். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் பறிக்கும் ஆட்களுக்கு இந்தப் பக்கம் ஒன்று போதும். யார் எந்த வேலைக்கு விண்ணப்பித்தார், எந்த எண்ணில் பேச வேண்டும் என்பது அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. பதிவேட்டை உங்கள் பக்கம் திருப்பி வைத்து, நீங்களே எழுதி, கையெழுத்துக்கு மட்டும் அவர் பக்கம் நகர்த்துங்கள். மேலே உள்ள வரிகளை ஓர் அட்டையால் மூடிக்கொள்ளுங்கள்.

அசல் சான்றிதழை எந்தக் காரணத்துக்காகவும் வாங்கி வைக்காதீர்கள். பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

கட்டு வைக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் தாமிரபரணி பொங்கியபோது நெல்லை சந்திப்பும் கொக்கிரகுளமும் என்ன ஆயின என்பதை எல்லாரும் பார்த்தோம். காகிதம் திருட்டுப் போகாமல் இருந்தால் மட்டும் போதாது, நனையாமலும் இருக்க வேண்டும். பீரோவின் அடித்தட்டில் நியமனக் கட்டோ எஸ்.ஆரோ வைக்க வேண்டாம். ஆற்றங்கரை, குளத்தங்கரை அலுவலகங்களில் தரைத்தளத்தையே தவிர்ப்பது நல்லது.

4. ஆய்வுப் பட்டியல் தயாரித்தல்

இங்கே எக்செல் வரும். ஒரே கோப்பில் 25 பத்தி போட்டு எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். இரண்டாகப் பிரியுங்கள்.

முதல் கோப்பில் விண்ணப்ப எண், பெயர், முகவரி, கைபேசி எண். அழைப்புக் கடிதம் அனுப்ப மட்டும் இது. இரண்டாவதில் விண்ணப்ப எண், பிறந்த தேதி, கல்வித் தகுதி, வகுப்புப் பிரிவு, முன்னுரிமை, தகுதி உண்டு அல்லது இல்லை, காரணம். ஆய்வு செய்பவருக்கும் அலுவலருக்கும் இரண்டாவது மட்டும் போதும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் நீங்களும் உங்கள் கண்காணிப்பாளரும்தான்.

ஏன் இந்தச் சிரமம் என்றால், கோப்பு வெளியே போவது எப்போதும் அவசரத்தில். "உடனே அனுப்பு" என்று மேலிருந்து போன் வரும், இருக்கிற கோப்பை அப்படியே அனுப்பிவிடுவோம். அந்த அவசரத்தில் போகிற கோப்பு சிறியதாக இருக்க வேண்டும்.

பத்தியை மறைத்துவிட்டு அனுப்புவது பாதுகாப்பு ஆகாது. எக்செல்லில் மறைத்த பத்தியைப் பெறுபவர் ஒரே சொடுக்கில் விரித்துவிடலாம். பி.டி.எஃப்.பில் எழுத்தின் மேல் கறுப்புப் பட்டை வரைந்தாலும், அடியில் இருக்கும் எழுத்தை நகலெடுத்து ஒட்டிப் பார்க்க முடியும். தேவையில்லாத பத்தியை நீக்கி வேறு பெயரில் சேமித்து, அதிலிருந்து பி.டி.எஃப். எடுங்கள். காகிதமாக இருந்தால் நகலில் மையால் அடித்து, அடித்த நகலை இன்னொரு முறை நகலெடுத்து, அதை ஸ்கேன் செய்யுங்கள்.

அலுவலக ஜெராக்ஸ் பழுது என்று கட்டை வெளிக் கடைக்கு அனுப்பும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வேறு வழியே இல்லை என்றால் அலுவலக ஆள் ஒருவர் கூடவே நின்று, கெட்டுப்போன தாள்களையும் எண்ணித் திரும்பக் கொண்டுவர வேண்டும். வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு அனுப்பிப் பிரிண்ட் எடுக்கவே கூடாது. அவர் கைபேசியில் அது எத்தனை நாள் கிடக்கும் என்பது நம் கையில் இல்லை.

5. பட்டியல் வெளியிடுதல்

இந்தக் கட்டத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வெளிப்படையாக இருக்க வேண்டியது நம் கடமை. யாருக்கு ஏன் வேலை கிடைத்தது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அதே பட்டியல் ஒருவரின் சாதி, துயரம், நோய் எல்லாவற்றையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடவும் கூடும். இரண்டையும் பிரித்தெடுப்பதுதான் வேலை.

நான் பரிந்துரைப்பது இது. தகுதியில்லை என்று நிராகரித்த பட்டியலில் விண்ணப்ப எண்ணும் சுருக்கமான காரணமும் மட்டும்: வயது மிகுதி, கல்விச் சான்று இல்லை, காலம் கடந்து வந்தது. பெயர் வேண்டாம். நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்கள் பட்டியலிலும் எண் போதும், அவர்களுக்குக் கடிதம் தனியாகப் போகிறது. இறுதியாகத் தேர்வானவர்கள் பட்டியலில் எண், பெயர், பெற்ற மதிப்பெண், எந்த இனச்சுழற்சி இடத்துக்கு என்ற வகுப்புப் பிரிவு. தகப்பனார் பெயர், முகவரி, கைபேசி எண், சாதி எதுவும் வேண்டாம்.

முகவரியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நம்மூரில் தெருவின் பெயர் போட்டாலே சாதி தெரிந்துவிடும். சாதிப் பத்தியை நீக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட்டு, பக்கத்துப் பத்தியில் தெருவோடு முகவரி போட்டால் நீக்கியதற்குப் பொருளே இல்லை. 2023 ஆகஸ்டில் நம் நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில் சாதிப் பகையில் ஒரு பள்ளி மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அந்த மாவட்டத்தில்தான் நாம் பட்டியல் ஒட்டுகிறோம். ஒரு சத்துணவு மையத்துக்கு எந்தத் தெருப் பெண் சமையலுக்கு வரப்போகிறார் என்பது சேரும் முன்பே ஊருக்குள் பேச்சானால், அந்தப் பெண் முதல் நாள் உள்ளே நுழைவதே போராட்டமாகும். நம் கையிலிருந்து போகும் ஒரு பத்தி அதற்குத் தொடக்கமாகக் கூடாது.

முன்னுரிமைப் பத்தியும் இப்படித்தான். "ஆதரவற்ற விதவை", "கணவரால் கைவிடப்பட்டவர்" என்று பெயருக்கு நேராக எழுதிப் பலகையில் ஒட்டியிருப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். "முன்னுரிமை" என்ற ஒரு சொல் போதும். எந்த முன்னுரிமை என்பது கோப்பில் இருக்கிறது. மாற்றுத் திறனாளி ஒதுக்கீட்டில் குறைபாட்டின் வகையையும் சதவீதத்தையும் போட வேண்டாம். திருநர் விண்ணப்பதாரரின் பழைய பெயர் சான்றிதழில் இருக்கலாம், பட்டியலில் அவர் இப்போது வைத்திருக்கும் பெயர்தான் வர வேண்டும்.

ஆதார் எண் எந்தப் பட்டியலிலும் வரக் கூடாது. ஆதார் சட்டம், 2016-இன் 29ஆம் பிரிவு அதைப் பொதுவில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

அப்புறம் தேதி. ஒட்டும் நாளும் எடுக்கும் நாளும் பட்டியலின் அடியிலேயே எழுதுங்கள். இணையத்தில் ஏற்றினால், எப்போது இறக்க வேண்டும் என்று தன்பதிவேட்டில் நினைவூட்டு எழுதுங்கள். ஆண்டுக் கணக்கில் தேடுபொறியில் கிடக்கும் பட்டியல்கள் எல்லாம் இறக்க மறந்தவைதான்.

பட்டியல் வெளியாகும் முன்பே கேட்டு ஆட்கள் வருவார்கள். உள்ளூர்ப் பிரமுகர், கட்சிக்காரர், நிருபர், சில நேரம் நம் சக ஊழியரே. கோபப்பட வேண்டாம். "அண்ணாச்சி, நாளைக்குப் பலகையில ஒட்டிருவோம், அதுல பாத்துக்கிடுங்க, எல்லாருக்கும் ஒரே நேரந்தான்" என்று சொல்லிவிடலாம். அதற்கு மேல் அழுத்தினால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

6. நேர்காணலும் சான்றிதழ் சரிபார்ப்பும்

நேர்காணல் குழுவுக்குக் கொடுக்கும் தாளில் எண், பெயர், கல்வி, அனுபவம் இருந்தால் போதும். வகுப்பை வைத்து மதிப்பெண் போடுவதில்லை, எனவே அந்தத் தாளில் வகுப்பு வேண்டாம். இனச்சுழற்சியை மதிப்பெண் வந்த பிறகு பொருத்துவது உங்கள் சீட்டின் வேலை.

சாதிச் சான்றிதழ் இ-சேவை வழியாக வாங்கியது என்றால் அதில் உள்ள எண்ணை வைத்து இணையத்திலேயே உண்மைத் தன்மையைப் பார்க்கலாம். நாலு பேர் மேசை சுற்றி நின்று சான்றிதழை வாய்விட்டுப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. சரிபார்ப்பு மேசையை வரிசையிலிருந்து தள்ளிப் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் மேசைக்கு வரட்டும்.

7. தேர்வாகாதவர்களின் விண்ணப்பங்கள்

நியமன ஆணை போனதும் மீதிக் கட்டை எல்லாரும் மறந்துவிடுகிறோம். எண்ணிக்கையில் பெரியது அதுதான்.

கோப்பை மூடும்போது ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று வகை குறிக்கிறோம் அல்லவா, அப்போதே இணைப்புக் கட்டுக்கும் தனியாக வகை குறித்து அலுவலரின் கையெழுத்து வாங்குங்கள். குறிப்புக் கோப்பும் மதிப்பெண் தாளும் நீண்ட காலம் இருக்க வேண்டும். தேர்வாகாதவரின் ஆதார் நகல் அவ்வளவு காலம் இருக்க வேண்டிய தேவை இல்லை.

அழிக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா, தகவல் உரிமை மேல்முறையீடு ஏதும் இருக்கிறதா. இருந்தால் ஒரு தாளையும் தொடக் கூடாது. இல்லை என்றால் அலுவலரின் ஆணை பெற்று, அழிப்புப் பதிவேட்டில் எழுதி, கிழித்துத் துண்டாக்கிய பிறகே கழிக்க வேண்டும். முழுத்தாளாக எடைக்குப் போட்டால் அது பழைய பேப்பர் கடைக்குப் போய், அங்கிருந்து வடை மடிக்கும் தாளாக வரும். யாரோ ஒரு பெண்ணின் புகைப்படமும் கைபேசி எண்ணும் அதில் இருக்கும்.

கணினியையும் மறக்க வேண்டாம். பதிவிறக்கக் கோப்புறை, குப்பைத் தொட்டி, அலுவலக மின்னஞ்சல், பென் டிரைவ், உங்கள் சொந்தக் கைபேசி. ஐந்தையும் பாருங்கள்.

8. வேலைக்குச் சேர்ந்த பிறகு

இப்போதுதான் வங்கி, பான், வாரிசு நியமனம், உடற்தகுதிச் சான்று எல்லாம் வாங்க வேண்டும். உடற்தகுதிச் சான்றில் தகுதியானவர் என்ற முடிவு போதும், பரிசோதனை அறிக்கைகளை நாம் வாங்கி வைக்க வேண்டாம். எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு நிபந்தனையாகக் கேட்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மருத்துவ விடுப்புக்கு வரும் சான்றிதழில் நோயின் பெயர் இருக்கும். விடுப்பு ஆணையில் "மருத்துவ விடுப்பு" என்று மட்டும் எழுதுங்கள். அந்த ஆணையின் நகல் எத்தனை பேருக்குப் போகிறது என்று அடியில் எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும்.

எஸ்.ஆர். கட்டு எப்போதும் பூட்டில் இருக்கட்டும். பார்க்க எடுத்தால் நோட்டில் எழுதி எடுக்க வேண்டும், பணியாளரே கேட்டாலும் உங்கள் முன்னால் வைத்துப் பார்க்கலாம். ஆண்டுதோறும் சரிபார்ப்புப் பதிவு போடும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பிறந்த தேதியோ வாரிசின் பெயரோ தவறாக இருந்தால், அதை ஓய்வூதியக் கருத்துரு அனுப்பும் நேரத்தில் கண்டுபிடிப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநீதி. விவரத்தைச் சரியாக வைத்திருப்பதும் பாதுகாப்பில் சேர்ந்ததுதான்.

களஞ்சியத்தில் (அரசுப் பணியாளரின் சம்பளம், பணி விவரங்களுக்கான இணையதளம்) சம்பளப் பட்டியல் போடும் இடங்களில் நான் மிகவும் கவலைப்படுவது கடவுச்சொல்லைப் பற்றி. அலுவலரின் லாகினும் ஓ.டி.பி.யும் உதவியாளரிடம், டிஜிட்டல் கையொப்பச் சாதனம் எப்போதும் கணினியில் செருகியபடி. வேலை சீக்கிரம் முடிகிறது என்பது உண்மைதான். ஆனால் யாராவது ஒருவரின் வங்கிக் கணக்கு எண் மாறிப்போனால், மாற்றியது யார் என்று நிரூபிக்க வழியில்லை, பழி உதவியாளர் தலையில் விழும். அதனால் மறுக்க வேண்டியது உங்கள் பாதுகாப்புக்காகவும்தான். "ஐயா, ஓ.டி.பி. வரும்போது நீங்களே அடித்துவிடுங்கள், நான் பட்டியலைத் தயாராக வைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள்.

வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லி மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ வந்தால் அதை வைத்து மாற்றாதீர்கள். பணியாளரை நேரில் வரச் சொல்லி, கையெழுத்திட்ட கடிதமும் கணக்குப் புத்தக நகலும் வாங்குங்கள்.

சம்பள விவரத்தோடு பணியாளர் பட்டியல் கேட்டுக் கடன் முகவர்களும் காப்பீட்டு முகவர்களும் வருவார்கள். கொடுக்கக் கூடாது. நம் கைபேசி எண் பட்டியல் அவர்களிடம் எப்படிப் போனது என்று பின்னால் எல்லாரும் வியப்பார்கள்.

பணியிடப் பாலியல் புகார் வந்தால் அந்தக் கோப்பு உங்கள் சீட்டுக்கே வரக் கூடாது, உள்ளகப் புகார்க் குழுவிடம்தான் இருக்க வேண்டும். புகாரின் விவரத்தையும் பெயர்களையும் வெளியிடுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தடுக்கிறது.

9. தகவல் உரிமை மனு வந்தால்

இங்கே இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒரு சாரார் பயந்துபோய் எஸ்.ஆரை முழுவதும் நகலெடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார் "மூன்றாம் நபர் தகவல், வழங்க இயலாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

முதலில், கேட்டதைப் பிரியுங்கள். பணியாளரின் பதவி, மாத ஊதியம் ஆகியவை 4(1)(ஆ) பிரிவின்படி நாமே வெளியிட வேண்டியவை, மறுக்கக் காரணமில்லை. ஆனால் பிடித்தங்கள், கடன், காப்பீடு, வாரிசு, ரகசியக் குறிப்பேடு எல்லாம் தனிப்பட்டவை. 2012இல் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒழுங்கு நடவடிக்கை ஆவணங்களையும் சொத்து விவரங்களையும் தனிப்பட்ட தகவல் என்றுதான் பார்த்தது.

மூன்றாம் நபரின் தகவலைக் கொடுக்க உத்தேசித்தால், மனு வந்த 5 நாளுக்குள் அவருக்கு எழுத்தில் அறிவிப்பு போக வேண்டும். அவர் பதில் சொல்ல 10 நாள். முடிவு 40 நாளுக்குள். மனு வந்த அன்றே இந்த மூன்று தேதியையும் மனுவின் மேல் மூலையில் பென்சிலால் எழுதிவிடுங்கள். பிறகு 10ஆம் பிரிவின்படி கொடுக்கக் கூடியதையும் கூடாததையும் பிரித்து, கூடாததை அடித்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம்.

8(1)(ஒ) பிரிவில் (ஆங்கிலத்தில் 8(1)(j)), அதாவது தனிப்பட்ட தகவல் பற்றிய விலக்கில், 2025 நவம்பரில் திருத்தம் வந்துவிட்டது. முன்பு இருந்த நிபந்தனைகள் போய், தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு என்ற அளவில் நிற்கிறது. ஆனால் 8(2) அப்படியே இருக்கிறது: பொதுநலன் பெரியதாக இருந்தால் கொடுக்கலாம். போலிச் சான்றிதழில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார் என்று ஆதாரத்தோடு மனு வந்தால், திருத்தத்தைக் காட்டிக் கதவை மூடுவது சரியல்ல. எனக்கு இந்தத் திருத்தத்தில் வருத்தம் உண்டு. அதனால்தான் பட்டியலிலேயே மதிப்பெண்ணையும் இனச்சுழற்சி இடத்தையும் வெளியிடச் சொன்னேன். மனு போடாமலே மக்களுக்குத் தெரிந்துவிடும்.

விண்ணப்பதாரர் தன் சொந்த விடைத்தாளைக் கேட்டால் பார்க்க உரிமை உண்டு, 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருத்தியவரின் பெயரை மட்டும் மறையுங்கள்.

10. கசிந்துவிட்டால்

தவறான குழுவில் பட்டியல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அழிப்பதற்கு முன் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: எந்தக் குழு, எத்தனை மணி, எத்தனை பேர். பிறகு எல்லாருக்கும் நீக்குங்கள். உடனே அலுவலருக்கு எழுத்தில் குறிப்பு வைத்துவிடுங்கள். மறைத்து வைத்தால் ஒரு பிழை இரண்டு குற்றமாகும்.

கணினிவழிக் கசிவுகளை 6 மணி நேரத்துக்குள் ஒன்றிய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டு உத்தரவு, அரசு அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். மாவட்டத் தேசிய தகவலியல் மைய அலுவலரிடம் உடனே பேசினால் வழிகாட்டுவார். புதிய விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றிச் சொல்லி, 72 மணி நேரத்துக்குள் விரிவான விவரம் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதில் அலுவலகங்கள் வழக்கமாக விட்டுவிடுவது பாதிக்கப்பட்டவரிடம் சொல்வதை. அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். "உங்கள் பெயர், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண் வெளியே போய்விட்டன, வேலை வாங்கித் தருவதாகவோ வங்கியிலிருந்து பேசுவதாகவோ யாராவது அழைத்தால் எதுவும் சொல்லாதீர்கள், ஓ.டி.பி. கொடுக்காதீர்கள்" என்று பேச்சுத் தமிழிலேயே சொல்லுங்கள். பணம் போனால் உடனே இணைய மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். ஆதார் எண் போயிருந்தால் கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறது என்று சொல்லி, தெரியாதவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொடுங்கள்.

11. மாறுதலில் போகும்போது

பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் கோப்புகளும் பதிவேடுகளும் மட்டும் எழுதுவது வழக்கம். இவற்றையும் சேருங்கள்: பீரோ சாவிகள், எஸ்.ஆர். எண்ணிக்கை, அழிக்க வேண்டிய கட்டுகளும் அவற்றின் தேதியும், இணையத்திலிருந்து இறக்க வேண்டிய பட்டியல்கள், நிலுவையில் உள்ள தகவல் உரிமை மனுக்கள்.

களஞ்சியத்திலும் மின்னலுவலகத்திலும் உங்கள் லாகினை பழைய சீட்டிலிருந்து எடுக்கச் சொல்லி எழுத்தில் கடிதம் கொடுங்கள். அலுவலக மின்னஞ்சலின் கடவுச்சொல்லைப் புதியவர் உங்கள் முன்னாலேயே மாற்றட்டும். உங்கள் கைபேசியில் உள்ள விண்ணப்பதாரர் எண்களையும் சான்றிதழ்ப் படங்களையும் நீக்கிவிட்டு, அலுவலக வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள். அதன் பிறகு பணிவிடுவிப்பு அறிக்கையில் கையெழுத்துப் போடுங்கள்.